கடலூர் டு சிதம்பரம்: 45 கிலோமீட்டரில் உங்கள் கார் சொல்லும் சேதி!

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை, வங்கி வேலை, பள்ளிக்கூட வேலை என்று காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இந்த வழியில் நிறைய. சிதம்பரம் பக்கமிருந்து கடலூர் சிப்காட் ஆலைகளுக்கு வருகிறவர்களும் உண்டு. போக வர 90 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள் ஓடினால் 27,000 கிலோமீட்டர்! இரண்டு வருஷம் முடிவதற்குள் ஒரு செட் டயர் தேய்ந்துவிடும்.

இந்த ஓட்டத்துக்கு இப்போது பலர் வாங்குவது விறுவிறுப்பான செடான் கார்கள். வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா, சிட்டி என்று ஏதாவது ஒன்று. டர்போ இன்ஜின் வைத்த மாடல்களில் 150, 160 குதிரைத்திறன் வரை கிடைக்கிறது. வாங்கிய புதிதில் வண்டி சொன்னபடி கேட்கும். இரண்டு, மூன்று வருஷம் கழித்து, "ஸ்டீயரிங் முன்ன மாதிரி இல்லையே... வளைவுல வண்டி அலையுதே..." என்று தோன்ற ஆரம்பிக்கும்.

உடனே நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். வண்டியைத் தாழ்த்து, பெரிய அலாய் வீல் போடு, கெட்டியான ஸ்பிரிங் மாற்று! அதற்கெல்லாம் பணத்தை எடுப்பதற்கு முன்பு, இந்த 45 கிலோமீட்டரை ஒருமுறை கவனமாக ஓட்டிப் பாருங்கள். கடற்கரை, துறைமுக வீதி, லாரிகள் ஓடும் சாலை, நான்கு வழிச்சாலை, ஆற்றுப் பாலம், தேரோடும் வீதி எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன. காரில் எது குறை என்பதை ஒவ்வோர் இடமும் காட்டிக்கொடுக்கும்.

சில்வர் பீச்: காற்றும் உப்பும்

மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்புவோம். பக்கத்திலேயே தேவனாம்பட்டினம் சில்வர் பீச். அதையொட்டி கெடிலத்தின் கரையில் புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள். 1690-இல் மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கிய கோட்டை இது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எல்லாம் வாங்கியவனுக்குச் சொந்தம் என்று பேச்சு! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் கதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கார் விஷயத்துக்கு வருவோம். ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ள காரைச் சாலையோடு சேர்த்துப் பிடிப்பது எவ்வளவு ரப்பர் தெரியுமா? ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. பிரேக், ஸ்டீயரிங், இன்ஜின் எதுவாக இருந்தாலும் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும். ஹேண்ட்லிங் என்பது அங்கேதான் ஆரம்பம்.

ஆகவே, முதல் வேலை பஞ்சர் கடையில். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்கு உள்ளே ஒட்டியிருப்பார்கள். இரண்டு பேர் போனால் எவ்வளவு காற்று, குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போனால் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கும். 'எல்லா காருக்கும் 35 வைப்போம்' என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கவாட்டுச் சுவர் நெளிந்து, ஸ்டீயரிங் திருப்பியதற்குக் கார் தாமதமாக பதில் சொல்லும். கூடிப்போனால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுப் பிடிப்பு குறையும். டயர் சூடாவதற்கு முன்பு, காலையிலேயே பார்ப்பதுதான் சரியான அளவு.

டயரின் வயசையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகிப்போயிருக்கலாம். இறுகிய ரப்பர் பிடிக்காது, வழுக்கும்.

கடலோர ஊருக்கென்று இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. சஸ்பென்ஷன் போல்ட், ஸ்பிரிங் எல்லாம் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். கடற்கரையோரம் அடிக்கடி நிறுத்துகிறவர்கள் வாட்டர் வாஷ் செய்யும்போது அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். மேலே பளபளப்பு ஏற்றுவதைவிட அது முக்கியம்.

முதுநகர், சிப்காட்: பள்ளம் பேசும்

கெடிலம் தாண்டி திருப்பாதிரிப்புலியூர், அங்கிருந்து முதுநகர். 'ஓ.டி.' என்று சொன்னால்தான் உள்ளூரில் பலருக்குத் தெரியும். துறைமுகமும் மீன் வண்டிகளும் குறுகிய கடைத்தெருவும் உள்ள பழைய ஊர். அதைத் தாண்டினால் சிப்காட். லாரிகளும் டேங்கர்களும் ஓடி ஓடி சாலை ஓரம் அழுந்திக் கிடக்கும். மழைக்காலம் முடிந்தால் பள்ளங்களுக்கும் குறைவிருக்காது.

இந்த இடத்தில் பாட்டை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போங்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பொருள் உண்டு.

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'கட கட' என்று முன்பக்கம் ஆடினால், பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று ஓர் அடி கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். புஷ் என்பது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர்தான். அது கிழிந்துவிட்டால் சக்கரம் தன் இடத்தில் நிற்காது. நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பீர்கள், சக்கரம் வேறு எங்கோ பார்க்கும்!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கிய பிறகு கார் ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டும். இரண்டு, மூன்று முறை மிதந்து ஆடினால் ஷாக் அப்சார்பர் சோர்ந்துவிட்டது என்று பொருள். அதன் உடம்பில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றும்போது பார்க்கலாம். பின் சீட்டில் உட்காரும் பாட்டிக்கோ குழந்தைக்கோ முன்பெல்லாம் இல்லாத வாந்தி, தலைசுற்றல் இப்போது வருகிறதா? சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன்பு ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். வண்டி மிதப்பதை முதலில் உணர்வது பின் சீட்டில் இருப்பவர்கள்தான்.

மேலே சொன்ன செடான்கள் எல்லாவற்றிலும் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உத்தரம் இணைக்கிறது. ட்விஸ்ட் பீம் என்பார்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதற்கும் அந்த அதிர்ச்சி கொஞ்சம் போகும். மோசமான சாலையில் வளையும்போது பின்பக்கம் துள்ளுவதற்கு அது ஒரு காரணம். அது வண்டியின் அமைப்பு, பழுது அல்ல. அந்தத் துள்ளல் நாளுக்கு நாள் கூடினால்தான் பழுது.

நான்கு வழிச்சாலை: நேராக ஓடுகிறதா?

பூண்டியாங்குப்பம் தாண்டியதும் காட்சி மாறிவிடும். இதுதான் பழைய 45ஏ. இப்போது தேசிய நெடுஞ்சாலை 32. பூண்டியாங்குப்பத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி சட்டநாதபுரம் வரை சுமார் 57 கிலோமீட்டர் நான்கு வழியாக அகலமானது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பழைய சாலையில் ஊர் ஊராக நின்று போன பயணம், இப்போது வயல்களுக்கு நடுவில் ஒரே சீராக ஓடுகிறது. கொத்தட்டையில் சுங்கச்சாவடியும் வந்துவிட்டது.

டர்போ காருக்கு இங்கேதான் கால் அரிக்கும். 60-லிருந்து 80-க்குப் போவது ஏதோ 20 கூடியதாகத் தெரிகிறது. ஆனால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றலும் வேகத்தின் இருமடிக் கணக்கில் ஏறும். 60-இல் இருந்ததுபோல ஏறத்தாழ 1.8 மடங்கு! 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி யோசித்தால், பிரேக்கில் கால் படுவதற்கு முன்பே கார் 22 மீட்டர் போயிருக்கும். இந்தச் சாலையில் அந்த 22 மீட்டருக்குள் ஓர் ஆடு வரலாம், எதிர்த்திசையில் ஒரு பைக் வரலாம், பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கலாம். அறுவடைக் காலத்தில் ஓரத்தில் நெல்லோ உளுந்தோ காய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் டயர் ஏறினால் பிடிப்பு கிடையாது.

இந்தச் சாலையில் பார்க்க வேண்டியது வீல் அலைன்மென்ட். முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரத்தில், நிதானமான வேகத்தில், ஸ்டீயரிங்கைக் கையால் லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு நேராக ஓட்டிப் பாருங்கள். மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையையே கொஞ்சம் சரிவாகத்தான் போடுவார்கள். அதனால் இடது பக்கம் மெல்ல நகர்வது இயல்பு. வெடுக்கென்று இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக இருந்தாலோ அலைன்மென்ட் கடைக்கு நேரமாகிவிட்டது.

அங்கே, "அண்ணே, எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு, வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த கணக்குத் தாள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இந்தக் கார்களில் பொதுவாக மாற்றியமைக்க முடிவது முன்சக்கரங்களின் 'டோ' மட்டுமே. பின்சக்கரத்தின் எண் தாளில் சிவப்பாக இருந்தால், பீம் எங்காவது அடிபட்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். முன்பக்கத்தை எத்தனை முறை சரிசெய்தாலும் அது தீராது. இன்னொன்று, தேய்ந்த புஷ்ஷை மாற்றாமல் அலைன்மென்ட் பார்ப்பது, ஆடும் மேஜையில் கோடு போடுவது மாதிரிதான்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சாலைக்கு வேறு முகம். 2011-இல் தானே புயலையும் 2015-இல் பெருவெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்துக்கு மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயருக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து கார் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங் திடீரென்று இலகுவாகிவிடும். இலகுவாகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது! பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும்.

தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். நம் மழைக்கு 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்சக்கரம் வழுக்கினால் கையில் தெரியும், வேகத்தைக் குறைக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.

பரங்கிப்பேட்டை: ஸ்பிரிங்கின் பூர்வீகம்

பி.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. போர்ச்சுக்கீசியர்கள், டச்சுக்காரர்கள், டேனிஷ்காரர்கள் என்று பலர் வந்துபோன துறைமுகம். 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயப் படையும் மோதிய இடம். காரோடு தொடர்புள்ள கதை ஒன்றும் இங்கே இருக்கிறது.

1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே ஓர் இரும்பு ஆலை நடத்தினார். தாது வந்தது சேலத்திலிருந்து. ஆலை நிலைக்கவில்லை. ஆனால் அதே ஹீத்தான் 1839-இல், மாங்கனீசு சேர்த்து எஃகைச் சீராக்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்று காரைத் தாங்கி நிற்கும் சுருள் ஸ்பிரிங்கின் எஃகிலும் மாங்கனீசு உண்டு.

அந்த ஸ்பிரிங்கை வெட்டுவதும், குட்டையானதாக மாற்றுவதும்தான் 'வண்டியைத் தாழ்த்துவது'. தாழ்த்தினால் எடை கீழே வரும், வளைவில் சாய்வு குறையும். பந்தயத் தளத்தில் உண்மைதான். அங்கே பள்ளம் கிடையாது! விர்டஸ், ஸ்லாவியா இரண்டுக்கும் ஆள் ஏறாதபோது தரையிலிருந்து 179 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் 40-ஐக் குறைத்துவிட்டு ஐந்து பேர் ஏறினால், ஊர் எல்லை ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் அடிவயிற்றைத் தேய்க்கும். ஸ்பிரிங் அமுங்க இடமில்லாமல் வளைவில் ஒரு பள்ளம் வந்தால் சக்கரம் தரையை விட்டே துள்ளும். அழகுக்காகச் செய்தது பிடிப்பைப் பறித்துவிடும்.

பெரிய வீலிலும் இதே கணக்கு. 205/55 ஆர்16 டயரில் பக்கவாட்டுச் சுவரின் உயரம் சுமார் 113 மில்லிமீட்டர். 215/40 ஆர்18 போட்டால் அது 86 ஆகிவிடும். வெளிவட்டம் கிட்டத்தட்ட அதே அளவுதான். குறைந்த 27 மில்லிமீட்டர் ரப்பர்தான் இதுவரை பள்ளத்தை வாங்கிக்கொண்டிருந்தது. இனி அந்த அடி ரிம்முக்கும் சஸ்பென்ஷனுக்கும் உங்கள் முதுகுக்கும் போகும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் விசாரணையில் முதல் கேள்வி இதுவாகவே இருக்கக்கூடும்.

சிதம்பரம்: தேர் திரும்பும் வீதி

வெள்ளாற்றுப் பாலத்தில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பாலத்தின் இணைப்புகளில் நான்கு சக்கரமும் ஒரே மாதிரி சத்தம் கொடுக்கிறதா? கடல் பக்கமிருந்து காற்று வீசும்போது வண்டி தடம் மாறாமல் போகிறதா? உயரமான எஸ்.யூ.வி.யைவிடத் தாழ்வான செடானுக்கு இந்த இடத்தில் இயல்பிலேயே ஆதாயம் அதிகம். அந்த ஆதாயத்துக்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

பிறகு சிதம்பரம். நடராஜர் கோயிலைச் சுற்றி கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் முதல் நாள் இங்கே ஐந்து தேர்கள் ஓடும். மூலவரான நடராஜரே தேரில் வருவது இந்த ஊரின் தனிப்பெருமை. அந்த நாள்களில் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வந்து ஒருமுறை தேரைப் பாருங்கள். கார் ஓட்டுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர்தான். வீதி முனை வருவதற்கு முன்பே வேகத்தை அடக்கிவிடுவார்கள். பிறகு கட்டையைச் சாய்த்து வைத்து, அங்குலம் அங்குலமாகத் திருப்புவார்கள். முழுதாகத் திரும்பி நேரான பிறகுதான் வடம் மறுபடி இறுகும்.

காருக்கும் அதே வரிசைதான். வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் அல்ல. டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் மாதிரி. பிரேக்குக்கே முழுவதும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. முன்பே வேகத்தைக் குறைத்து, சீராகத் திருப்பி, ஸ்டீயரிங் நேராகும்போது ஆக்ஸிலேட்டரைக் கொடுங்கள். பழைய வண்டியும் புதுசு மாதிரி வளையும். காசு செலவில்லாத முன்னேற்றம் இது.

கீழ வீதியில் இறங்கி, தரிசனம் முடித்து, சூடான இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

பிச்சாவரம்: எடை எங்கே இருக்கிறது?

நேரமிருந்தால் கிள்ளை வழியாகப் பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு. 2004 சுனாமியில் தனக்குப் பின்னாலிருந்த குப்பங்களைக் காத்த காடு. படகில் ஏறியதும் எல்லோரையும் எடை சமமாக உட்காரச் சொல்வார்கள். ஒருவர் எழுந்து நின்றாலும் படகு ஆடும்.

காரின் டிக்கியிலும் இதைச் செய்யுங்கள். கனமான பெட்டி கீழே, பின் சீட்டின் முதுகையொட்டி இருக்கட்டும். லேசான பை மேலே. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும். ஹெட்லைட்டும் மேலே தூக்கும். பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஹெட்லைட்டைத் தாழ்த்தும் சின்ன உருளை இருக்கிறது. இரவில் கிள்ளை மாதிரி குறுகிய சாலையில் திரும்பும்போது அதைத் திருகிவிடுங்கள். எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண் கூசாது.

எதை முதலில் செய்யலாம்?

1. ஸ்டிக்கரில் உள்ளபடி டயர் காற்று. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

2. டயரின் வயசு, பள்ளத்தின் ஆழம். தேவைப்பட்டால் அதே அளவில், நல்ல ஈரப்பிடிப்புள்ள டயர்.

3. புஷ், லிங்க், பால் ஜாயின்ட் சோதனை. தேய்ந்தவற்றை மாற்றுவது.

4. அதன் பிறகு வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங்.

5. ஷாக் அப்சார்பர் சோர்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுவது. ஒரு பக்கம் மட்டும் கூடாது.

இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் முடித்துவிட்டு, மறுபடி ஒருமுறை முதுநகரிலிருந்து கீழ வீதி வரை ஓட்டிப் பாருங்கள். ஸ்பிரிங்கை மாற்றலாமா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. மாலையில் அதே 45 கிலோமீட்டர் திரும்பி வரும்போது, பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிப்போயிருப்பார்கள்.